நாடு விட்டு நாடு பாயும் மின்சாரம்!

நேபாளத்து ஆற்று நீர், வங்காள தேசத்தில் விளக்கு எரிக்கிறது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே கம்பி வருமா?

ஆடி மாதம். பொழுது சாய்ந்துவிட்டது. பழனி வட்டத்தில் உள்ள கீரனூரில் காற்று சுழன்று அடிக்கிறது. தென்னை மட்டைகள் சடசடவென்று ஆடுகின்றன. ஒரு வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்துவிட்டது.

"தாத்தா, தாராபுரத்துல இருந்து வர்றப்ப பஸ்ஸுல பாத்தோமே, அந்தக் காத்தாடி எல்லாம் இப்பவும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கும்? அப்புறம் நம்ம வீட்டுல ஏன் கரண்ட் இல்லை?" என்று பேரன் கேட்டான்.

"காத்துல எங்கேயோ கம்பி அறுந்திருக்கும் கண்ணு. கொஞ்ச நேரத்துல வந்துரும்."

"அந்தக் காத்தாடிக் கரண்ட் எல்லாம் எங்கே போகுது?"

தாத்தா யோசித்தார். "அது எங்கெங்கயோ போகுதப்பா" என்றார்.

தாத்தா சொன்னது முக்காலும் உண்மை. மின்சாரம் எங்கெங்கோ போகிறது. ஊர் விட்டு ஊர் போகிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகிறது. இப்போது, நாடு விட்டு நாடும் போகிறது!

அது எப்படி? அதனால் யாருக்கு லாபம்? கீரனூரில் மோட்டார் போடும் விவசாயிக்கு அதில் என்ன இருக்கிறது?

நெல்லும் கரண்டும்

நெல் விளைந்தால், குதிரில் கொட்டி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து எடுத்துச் சாப்பிடலாம். மின்சாரம் அப்படி அல்ல. உண்டாகும் நொடியிலேயே அதைச் செலவு செய்ய வேண்டும். அளவும் சரியாக இருக்க வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து!

மின்சாரத்தைச் சேமிக்க வழியே இல்லையா? இருக்கிறது. பெரிய பேட்டரிகளில் சேர்த்து வைக்கலாம். ஆனால், செலவு அதிகம். இன்னொரு வழியும் உண்டு. கோவை மாவட்டத்து ஆனைமலையில் காடம்பாறை மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில், அதைக் கொண்டு கீழே உள்ள தண்ணீரை மேலே உள்ள அணைக்கு ஏற்றுவார்கள். மின்சாரம் தேவைப்படும்போது, அதே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் அளவு 400 மெகாவாட்தான்.

'மெகாவாட்' என்றால் என்ன? கிணற்றில் இருக்கும் 5 குதிரைசக்தி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாவாட் மின்சாரம் இருந்தால், அப்படிப்பட்ட மோட்டார்கள் சுமார் 250 ஓடும். அவ்வளவுதான் கணக்கு.

தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கடற்கரையில் சிறிதாகத் தொடங்கிய வேலை இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் போலத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் புகுந்து, கோவை, உடுமலைப்பேட்டை, தாராபுரம், பழனிப் பக்கம் பாய்கிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, காற்றாடி சுற்றும்! வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று மின்சாரம் கொட்டுகிறது. சில நாட்களில், "போதும், நிறுத்துங்கள்" என்று காற்றாலைக்காரர்களிடம் சொல்ல வேண்டி வருகிறது. மார்கழி, தை மாதங்களிலோ, அதே காற்றாடிகள் பெரும்பாலும் சும்மா நிற்கின்றன.

மிஞ்சும்போது வீண். வேண்டும்போது இல்லை. இதற்கு என்ன வழி?

கூட்டுக் கிணறு

இந்தச் சிக்கலைத் தீர்க்க விஞ்ஞானிகள் வருவதற்கு முன்பே, நம் விவசாயிகள் வழி கண்டுவிட்டார்கள். அதுதான் கூட்டுக் கிணறு!

ஒரு கிணறு. நாலு பங்காளிகள். இன்றைக்கு அண்ணன் முறை. நாளைக்குத் தம்பி முறை. அண்ணன் வயலில் அறுவடை முடிந்துவிட்டால், அவர் தண்ணீரைத் தம்பி பாய்ச்சிக்கொள்வார். தம்பி தண்ணீரை அண்ணன் வேறொரு நாள் வாங்கிக்கொள்வார். ஒருவருக்கு மிஞ்சியது மற்றவருக்கு உதவும்.

மின்சாரத்திலும் இதுதான் நடக்கிறது. பல மின் நிலையங்களையும் பல ஊர்களையும் ஒரே கம்பி வலையால் இணைத்துவிடுகிறார்கள். இதற்கு 'மின் தொகுப்பு' என்று பெயர். 'கிரிட்' என்றும் சொல்வார்கள். தாராபுரத்துக் காற்றாடியின் மின்சாரம், காடம்பாறைத் தண்ணீரின் மின்சாரம், நெய்வேலி நிலக்கரியின் மின்சாரம் எல்லாம் அந்த வலையில் ஒன்றாகக் கலக்கின்றன. கீரனூர் மோட்டாரில் ஓடுவது எந்த ஊர் மின்சாரம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிணறு பெரிதாக இருந்தால் பஞ்சம் குறையும். இது தமிழ்நாடு பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

தெற்கு தனியாக இருந்தது

2012ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டின் பல ஊர்களில், ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. விசைத்தறிகள் நின்றன. பயிர்கள் வாடின. பிள்ளைகள் விளக்கு இல்லாமல் படித்தார்கள்.

வெளி மாநிலங்களில் இருந்து வேண்டிய அளவுக்கு வாங்கியிருக்கக் கூடாதா? வாங்க முடியவில்லை! அப்போது, இந்தியாவின் மற்ற பகுதிகள் எல்லாம் ஒரே மின் தொகுப்பாக இருந்தன. தென்னிந்தியா மட்டும் தனியாக இருந்தது. நடுவே இருந்தவை ஒரு சில சிறு வாசல்கள்தான்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ந் தேதி, கர்நாடகத்தில் உள்ள ராய்ச்சூருக்கும் மராட்டியத்தில் உள்ள சோலாப்பூருக்கும் இடையே பெரிய மின்பாதை இணைந்தது. நாடு முழுவதும் ஒரே மின் தொகுப்பாக ஆயிற்று. பிறகு, சத்தீஸ்கரில் உள்ள ராய்கரில் இருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் செல்லக்கூடிய பாதை வந்தது. அதன் நீளம் சுமார் 1,765 கிலோ மீட்டர்! தெற்கில் பற்றாக்குறை என்றால், வடக்கில் இருந்து மின்சாரம் வரும். தெற்கில் காற்று மிஞ்சினால், அதே பாதையில் வடக்கே போகும்.

மாநிலத்துக்கு மாநிலம் இது நல்லது என்றால், நாட்டுக்கு நாடு ஏன் கூடாது? இந்தக் கேள்விக்கு இமயமலையில் பதில் கிடைத்திருக்கிறது.

மலை நாட்டின் மின்சாரம்

பூட்டான் மிகச் சிறிய நாடு. அங்கே பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லை. ஆனால், பனி உருகி ஓடும் ஆறுகள் இருக்கின்றன. சுக்கா என்ற இடத்தில் 336 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்ட இந்தியா பணம் கொடுத்தது. அதில் 100க்கு 60 பங்கு நன்கொடை. 40 பங்கு கடன். 1986ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து மின்சாரம் வருகிறது. அதற்குப் பிறகு தாலா, மாங்தேச்சு என்று பெரிய நிலையங்கள் வந்தன.

மழைக் காலத்தில் பூட்டானின் மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. குளிர் காலத்தில் ஆறு வற்றிவிடும். அப்போது இந்தியாவின் மின்சாரம் பூட்டானுக்குப் போகிறது. மின்சாரம் விற்று வரும் பணம், அந்த நாட்டின் முக்கிய வருமானங்களில் ஒன்று.

நேபாளத்தின் கதை இன்னும் வியப்பானது. ஒரு காலத்தில், அங்கே குளிர் காலத்தில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு! ஆறுகள் நிறைந்த நாடு இருட்டில் கிடந்தது. 2016ஆம் ஆண்டில் இந்தியாவின் முசாபர்பூரில் இருந்து நேபாளத்தின் தல்கேபருக்குப் புதிய மின்பாதை வேலை செய்யத் தொடங்கியது. இந்தியாவின் மின்சாரம் கூடுதலாகப் போயிற்று. அதே ஆண்டு நேபாள மின்வாரியத்தின் தலைவராக வந்த குல்மான் கிசிங், கிடைத்த மின்சாரத்தைச் சீராகப் பங்கிட்டார். தலைநகரம் காத்மாண்டுவில் மின்வெட்டு ஒழிந்தது.

பிறகு நேபாளம் புதிய நீர்மின் நிலையங்களைக் கட்டியது. 2021ஆம் ஆண்டு நவம்பரில், இந்தியாவின் மின்சாரச் சந்தையில் 39 மெகாவாட் மின்சாரத்தை விற்கத் தொடங்கியது. ஐந்தே ஆண்டில், வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறியது! போன அதே கம்பியிலேயே மின்சாரம் திரும்பி வந்தது.

நடுவில் 22 கிலோ மீட்டர்

நேபாளத்துக்கும் வங்காள தேசத்துக்கும் பொது எல்லை கிடையாது. நடுவே இந்தியாவின் ஒடுங்கிய நிலப்பகுதி இருக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 22 கிலோ மீட்டர்தான். ஆனால், அந்த 22 கிலோ மீட்டரைத் தாண்ட மூன்று நாடுகளும் பல ஆண்டுகள் பேச வேண்டி இருந்தது.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ந் தேதி, காத்மாண்டுவில் மூன்று நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நவம்பர் 15ந் தேதி, வெள்ளோட்டமாக ஒரு நாள் மட்டும் மின்சாரம் போயிற்று. 2025ஆம் ஆண்டு ஜூன் 15 முதல், மழைக்காலம் முழுவதும் போகத் தொடங்கியது.

அளவு 40 மெகாவாட். நம் கணக்கில் சொன்னால், சுமார் 10,000 மோட்டார் ஓடும். பெரிய நாட்டுக்கு இது மிகச் சிறிய அளவு. ஆனால், மலையில் பெய்த மழை, இந்தியக் கம்பி வழியாகப் போய் மூன்றாவது நாட்டில் விளக்கு எரிக்கிறது. அளவு சிறிது, வழி பெரிது!

குரங்கு செய்த வேலை

வடக்கே இப்படி. தெற்கே என்ன நிலைமை? இராமேசுவரத்துக்கு எதிரே, சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் இலங்கை இருக்கிறது. அந்தத் தீவின் மின் தொகுப்பு, எந்த நாட்டோடும் இணையாமல் தனித்தே இருந்துவருகிறது. தனியாக இருப்பவனுக்கு ஆபத்து வந்தால், கைகொடுக்க ஆள் இல்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். இலங்கையில் எரிபொருள் வாங்க அந்நியப் பணம் இல்லை. அணைகளில் தண்ணீரும் குறைந்துபோயிற்று. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு! தெரு விளக்குகளையும் அணைத்தார்கள்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 9ந் தேதி நடந்தது, கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால், உண்மை. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை என்ற ஊரில் ஒரு துணை மின் நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு குரங்கு புகுந்தது. மின்மாற்றியைத் தொட்டது. நாடு முழுவதும் இருண்டு போயிற்று! மின்சக்தி மந்திரி குமார ஜயகொடியே இதைச் சொன்னார். மின்சாரம் திரும்பப் பல மணி நேரம் ஆயிற்று.

ஒரு குரங்கால் ஒரு நாட்டையே இருட்டாக்க முடியுமா? குரங்கு மட்டும் காரணம் அல்ல. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆலைகள், அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. மின்சாரச் செலவு குறைவு. நல்ல வெயில், கூரைகளில் உள்ள சூரியத் தகடுகளில் மின்சாரம் ஏராளம். அதனால், கனமான சக்கரங்கள் சுழலும் பெரிய மின் நிலையங்களின் பங்கு குறைந்திருந்தது.

பாரம் ஏற்றிய மாட்டு வண்டி சிறு கல்லில் ஏறினால் கவிழாது. காலி வண்டி துள்ளிக் கவிழ்ந்துவிடும். அன்று இலங்கையின் மின் தொகுப்பு காலி வண்டியாக இருந்தது. பக்கத்து நாட்டில் இருந்து கம்பி இருந்தால் கவிழ்ந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், கவிழ்ந்த வண்டியைத் தூக்கி நிறுத்த இன்னொரு கை இருந்திருக்கும்.

வெயிலை வேண்டாம் என்ற புத்தாண்டு

அதே ஆண்டு ஏப்ரல் மாதம் இன்னொரு சம்பவம் நடந்தது. சித்திரைப் புத்தாண்டு தமிழர்களுக்கும் சிங்களவர்களுக்கும் பொதுவான பண்டிகை. இலங்கையில் அப்போது நீண்ட விடுமுறை. ஆலைகள் மூடிவிடும், மின்சாரச் செலவு படுத்துவிடும். வெயிலோ சுட்டெரிக்கும்.

பிப்ரவரியில் சூடுபட்ட மின்வாரியம் பயந்தது. "ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் நேரத்தில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. இலவசமாக வந்த வெயிலை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று!

சித்திரையில் தமிழ்நாட்டின் நிலைமை என்ன? நேர் எதிர்! மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஓயாமல் ஓடும். 2024ஆம் ஆண்டு மே 2ந் தேதி, தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் மிஞ்சி வீணாகிறது. இந்தப் பக்கம் தேடி அலைகிறார்கள். நடுவே ஒரு கம்பி இல்லை!

கம்பி போட யாரும் நினைக்கவில்லையா? நினைத்தார்கள். 2010ஆம் ஆண்டிலேயே இரு நாடுகளும் ஆய்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. மதுரைப் பக்கம் இருந்து இராமநாதபுரம் கடற்கரை, அங்கிருந்து கடலுக்கு அடியில் இலங்கையின் வடகரை, பிறகு அனுராதபுரம் பக்கம் என்று வழி பார்த்தார்கள். முதலில் 500 மெகாவாட், பிறகு 1,000 மெகாவாட் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் பேச்சு பேச்சாகவே நின்றது.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 5ந் தேதி, பிரதம மந்திரி நரேந்திர மோடி கொழும்பு சென்றிருந்தபோது, ஜனாதிபதி அனுர குமார திசநாயக்க முன்னிலையில் மின் இணைப்புக்கான புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்கு எட்டாவது நாளில்தான், வெயில் மின்சாரத்தை நிறுத்தும் காலம் தொடங்கியது. கம்பியின் தேவைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கடலுக்கு அடியில் எப்படிப் போகும்?

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் துடிப்பது. இதை 'மாறுதிசை மின்சாரம்' என்பார்கள். கடலுக்கு அடியில் இதை நெடுந்தூரம் அனுப்பினால், கேபிளே பெரும் பங்கை விழுங்கிவிடும். டார்ச் விளக்கின் பேட்டரியில் இருந்து வருவது ஒரே திசையில் ஓடும். அது 'நேர்திசை மின்சாரம்'. கரையில் ஒரு நிலையம் கட்டி, மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கிக் கடலில் அனுப்புவார்கள். அக்கரையில் மறுபடியும் மாற்றிக்கொள்வார்கள்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. இந்த நிலையம், திறந்து மூடக்கூடிய கதவு போன்றது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் கதவை மூடிவிடலாம். 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா, கிழக்கு இந்தியா, வடகிழக்கு இந்தியா எல்லாம் இருண்டன. 60 கோடி மக்கள் தவித்தார்கள். தெற்கு தப்பியது! காரணம், அப்போது தெற்கையும் மற்ற பகுதிகளையும் இணைத்தவை இத்தகைய கதவுகளே.

வெளிநாடுகளில் இது பழைய வேலை. டென்மார்க் காற்றாடி நாடு. நார்வே அணைக்கட்டு நாடு. 1970களிலேயே இரண்டுக்கும் நடுவே கடலடிக் கேபிள் போட்டுவிட்டார்கள். டென்மார்க்கில் காற்று அடிக்கும்போது, நார்வே அந்த மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, தன் அணைத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். காற்று ஓய்ந்தால், அணையைத் திறந்து மின்சாரத்தை அனுப்பும். 2022ஆம் ஆண்டு முதல், லாவோஸ் நாட்டு நீர் மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக, நம்மவர்கள் வாழும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்தது.

சுவிட்ச் யார் கையில்?

எல்லாம் நல்லதுதான். ஆனால், கூட்டுக் கிணறு உள்ள ஊரில் சண்டை வராமல் இருந்தது உண்டா? முறைக் கணக்குத் தப்பினால், பங்காளிகளுக்குள் மண்வெட்டி உயரும். நாடுகளுக்குள்ளும் அப்படியே.

"நம் வீட்டு சுவிட்ச் பெரிய நாட்டின் கைக்குப் போய்விடாதா?" என்பது சிறிய நாட்டின் பயம். அந்தப் பயம் வீண் அல்ல. சீனப் பணம் போட்டுக் கட்டிய நேபாள நீர்மின் நிலையங்களின் மின்சாரத்தை வாங்குவதில்லை என்பது இந்தியாவின் கொள்கை. அதனால் நேபாளத்துக்கு வருத்தம் உண்டு. 2024ஆம் ஆண்டில் வங்காள தேசம் பணம் பாக்கி வைத்தது. ஜார்க்கண்டில் உள்ள ஒரு நிலக்கரி மின் நிலையம், அந்த நாட்டுக்கு அனுப்பும் மின்சாரத்தைக் குறைத்துவிட்டது.

இராமேசுவரம் கடலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கேபிள் போகும் கடல், மீனவர்களின் வயல். இழுவலை கடல் தரையை உழுதுகொண்டு போகும். கேபிளை ஆழமாகப் புதைக்க வேண்டும். எந்த வழியில், எந்த மாதத்தில் புதைப்பது என்பதை இரு கரை மீனவர்களையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே, கம்பியை விட முக்கியமானது கணக்கு. விலை என்ன, பாக்கி விழுந்தால் என்ன செய்வது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். நேபாளம் வங்காள தேசத்துக்கு யூனிட் 6.4 அமெரிக்க சென்ட் என்று விலை பேசி எழுதிவைத்த பிறகுதான் மின்சாரத்தை அனுப்பியது. கிணற்றில் முறை எழுதிய பிறகுதான் மோட்டார் போட வேண்டும்!

நமக்குப் போதுமா?

கீரனூர் விவசாயி கேட்கலாம்: "நமக்கே பத்தாதபோது, அடுத்த நாட்டுக்கு ஏன் கொடுக்கணும்?"

நியாயமான கேள்வி. நம் மோட்டாருக்கு வேண்டியதைப் பிடுங்கிக் கொடுப்பது பங்கீடு அல்ல. மிஞ்சியதைக் கொடுப்பதும், குறைந்தபோது வாங்குவதும்தான் பங்கீடு. ஆடியில் இங்கே காற்று அடிக்கும்போது, இலங்கையின் மன்னாரிலும் அதே காற்றுதான் அடிக்கிறது. அதனால் இரண்டு பேர் மட்டும் சேர்ந்தால் போதாது. மலையில் மழை பெய்யும் பூட்டான், நேபாளம், பாலைவன வெயில் காயும் ராஜஸ்தான், காற்று வீசும் தமிழ்நாடு, மன்னார் எல்லாம் ஒரே வலையில் சேர வேண்டும். ஓர் இடத்தில் பொழுது சரியில்லை என்றால், இன்னோர் இடம் கைகொடுக்கும்.

2012இல் தமிழ்நாடு வாங்க முடியாமல் தவித்தது. 2022இல் இலங்கை தவித்தது. இரண்டு இருட்டுக்கும் பணம், எரிபொருள், தண்ணீர் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால், தனிமையும் ஒரு காரணம்.

கீரனூரில் விளக்கு வந்துவிட்டது. அறுந்த கம்பியை மின்வாரிய ஊழியர்கள் கட்டிவிட்டார்கள். பேரன் புத்தகத்தை எடுத்தான். ஆனால், கேள்வி ஓயவில்லை.

"தாத்தா, நம்ம காத்தாடிக் கரண்ட் கடல் தாண்டிப் போகுமா?"

"கம்பி போட்டா போகும் கண்ணு."

"திரும்பி வருமா?"

"முறை சரியா இருந்தா, கட்டாயம் வரும்" என்றார் தாத்தா.

கூட்டுக் கிணற்றில் நாற்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சியவர் அவர்!